பெயின்ட் கடைசி வேலை

பழைய பிரிட்டிஷ் ரேஸ் பைக் ரெப்ளிகாவைக் கொண்டுவந்து இறக்குபவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, டேங்குக்கு எப்ப பெயின்ட் அடிப்பீங்க?" என்றுதான். வெள்ளி நிற டேங்க், கறுப்புச் சிவப்புக் கோடு என்று மனதில் ஒரு படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். தப்பில்லை. ஆனால் என் பட்டறையில் முதல் வேலை, இருக்கிற பெயின்ட்டைச் சுரண்டுவது.

நார்ட்டன் மேங்க்ஸையே எடுத்துக்கொள்வோம். பர்மிங்காமில் பிரேஸ்பிரிட்ஜ் தெருத் தொழிற்சாலையில் 1962 வரை செய்த வண்டி. அசல் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. அதனால் நார்ட்டன் சாலை வண்டியின் ஃபெதர்பெட் என்ற இரட்டைக் குழாய் ஃப்ரேமை எடுத்து, மேங்க்ஸ் டேங்கையும் சீட்டையும் ஏற்றி ரெப்ளிகா செய்வது வெகுகாலமாக நடக்கிறது. ரேஸ் ஃப்ரேம் ரெனால்ட்ஸ் 531 என்ற உறுதியான எஃகுக் கலவைக் குழாயில் செய்தது. இணைப்புகளை வெண்கலக் கம்பியால் பற்றவைத்திருப்பார்கள். சாலை வண்டி ஃப்ரேமும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேதான், உலோகம் வேறு. புதிதாகச் செய்த ஃப்ரேம், புதிதாக வார்த்த எஞ்சின் என்றும் வரும். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று டேங்க்கில் இருக்கிற பெயரை வைத்துச் சொல்லவே முடியாது.

ஒருமுறை வந்த ஃப்ரேமில் பவுடர் கோட்டிங் கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்டியரிங் தலைக்குக் கீழே மட்டும் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. சுரண்டிப் பார்த்தால், பழைய வெண்கல இணைப்பின் மேலேயே யாரோ மிக் என்ற மின் வெல்டிங் ஓட்டியிருக்கிறார்கள். சுத்தம் செய்து, விரிசலுக்குள் இறங்கும் சிவப்புச் சாயம் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரை அடித்தேன். வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு மெல்ல ஊறி எழுந்தது. குழாயின் கால்வாசிச் சுற்றுக்கு விரிசல்! வெண்கலத்தில் இருக்கும் செம்பு வெல்டிங் சூட்டில் உருகி, எஃகின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே இறங்கிவிடும். அப்புறம் அந்த இடம் வளையாது, பிளக்கும். அதன் மேல் இன்னொரு வெல்டிங் போட்டால் இன்னும் மோசம். குழாயையே வெட்டி மாற்றினோம்.

அடுத்தது மரை. இந்த வண்டிகளில் சைக்கிள் மரை, பிஎஸ்எஃப் மரை என்று இரண்டு பழைய பிரிட்டிஷ் அளவுகள் கலந்திருக்கும். ரெப்ளிகா என்றால் மெட்ரிக்கும் சேரும். கால் அங்குல போல்ட்டில் முதல் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 26 புரி. ஆனால் சைக்கிள் மரையின் கோணம் 60 டிகிரி, பிஎஸ்எஃப் 55. ஒன்றின் நட்டு மற்றதில் சமர்த்தாக ஏறும், இறுகியது போலவும் காட்டும். உள்ளே மரையின் முகம் முழுதாகப் பதிந்திருக்காது. 500 சிசி ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் அது எத்தனை நாள் தாங்கும்? அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் கழற்றி, கேஜ் வைத்துப் பார்ப்பேன். எனக்கே மரை கழண்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கிராங்க் கேஸிலும் ஹப்பிலும் மெக்னீசியம் இருக்கலாம். கையில் எடுத்தால் அலுமினியத்தைவிட லேசாக இருக்கும். சந்தேகமிருந்தால், கண்ணில் படாத மூலையில் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம்தான், கழுவித் துடைத்துவிடுங்கள். கிரைண்டரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெரிதாகும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. உலோகத் தீக்கான பவுடரோ, நன்றாகக் காய்ந்த மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பழைய பிரேக் லைனிங் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் அதை முழுதாகத் தடைசெய்தது 1999-இல்தான். டிரம்மைத் திறந்ததும் ஏர் கன்னால் ஊதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. இப்போது ஈரத்துணி, தகுந்த மாஸ்க், துடைத்த துணி மூடிய பையில்.

ஃபைபர் கிளாஸ் டேங்க் இருந்தால் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று பாருங்கள். பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரெசின் அதில் இளகிப் பிசினாகி கார்புரேட்டரில் போய் உட்காரும். விளக்கெண்ணெய் ஆயில் ஓடிய எஞ்சினில் அப்படியே மினரல் ஆயிலை ஊற்றாதீர்கள். இரண்டும் சேராது. பிரித்து, ஆயில் வழிகளைக் கழுவிய பிறகு ஊற்றுங்கள்.

"ஃப்ரேமில் மேங்க்ஸ் நம்பர் ஒன்று அடிச்சுக் கொடுங்கண்ணே" என்று கேட்பவர்களும் உண்டு. செய்வதில்லை, அது மோசடி. பதிலாக எந்தக் குழாயை மாற்றினோம், எந்த மரை எங்கே என்று படத்தோடும் தேதியோடும் ஒரு ஃபைல் போட்டு வண்டியோடு கொடுக்கிறேன். அந்த விரிசல் ஃப்ரேம்காரருக்கும் கொடுத்தேன். ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டு அவர் கேட்டது: "சரிண்ணே, பெயின்ட் எப்ப?"