சுரங்கக் குத்தகை: விற்பனை அல்ல, விடுதல்

அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகம் தன் வசமுள்ள நிலக்கரியை ஏலத்துக்குக் கொண்டுவரும்போது, அறிவிப்பில் 'லீஸ் சேல்' என்ற தொடர் வரும். பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு 'நிலக்கரி நிலம் விற்பனை' என்று தமிழில் எழுதிவிட்டால், செய்தியே தலைகீழாகிவிடும். அங்கே நிலம் கைமாறுவதில்லை. ஏலம் போவது, இன்ன எல்லைக்குள் இத்தனை ஆண்டுகள் கரி வெட்டலாம் என்ற குத்தகை உரிமை மட்டும்தான்.

அமெரிக்கா ஒரு காலத்தில் உண்மையாகவே விற்றது. 1873-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரயில் பாதைக்கு 15 மைலுக்குள் இருக்கும் கரி நிலம் ஏக்கருக்குக் குறைந்தது 20 டாலர், அதற்கு அப்பால் 10 டாலர். 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் சுமார் 6.6 கோடி ஏக்கரை விற்பனையிலிருந்து விலக்கி வைத்தார். 1920-இல் கனிமக் குத்தகைச் சட்டம் வந்தது. விற்பனை போய்க் குத்தகை வந்த அந்த மாற்றத்துக்குப் பின்னால் பெரும் அரசியல் போராட்டம் இருக்கிறது. 'விற்பனை' என்று எழுதுகிறவர் அதை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறார்.

'லீஸ்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் மூலம் லத்தீன் 'லக்ஸாரே': தளர்த்து, விட்டுவிடு என்று பொருள். நாமும் வயலைக் குத்தகைக்கு 'விடுகிறோம்', வீட்டை வாடகைக்கு 'விடுகிறோம்'. எங்கோ இருக்கும் இரு மொழிகள் ஒரே வினையைப் பிடித்திருக்கின்றன. பிடியைத் தளர்த்தினாலும் உடைமை போகவில்லை என்ற நுட்பம் இரண்டிலும் இருக்கிறது.

'குத்தகை' தென்னாட்டுச் சொல். தெலுங்கில் 'குத்த', கன்னடத்தில் 'குத்திகெ'. மலையாளத்தில் 'குத்தக' என்றால் இன்று ஏகபோகம். எனக்கு இந்த மலையாள வழக்குதான் மிகவும் பிடித்தது. குத்தகை எடுத்தவரைத் தவிர வேறு யாரும் கைவைக்க முடியாது என்ற பொருள் அதில் அப்படியே உறைந்துவிட்டது.

காவிரிப் படுகையில் குத்தகை வேறு, வாரம் வேறு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுப்பது குத்தகை. விளைச்சலில் பங்கு கொடுப்பது வாரம். இந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்கு அமெரிக்கக் கரிக் குத்தகை எளிதில் விளங்கும். யூட்டா மாநிலத்தின் கிரீன்ஸ் ஹாலோவை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 6,175 ஏக்கர். மேலே தேசியக் காடு, அடியில் அரசின் கரி, பக்கத்தில் ஏற்கெனவே நடக்கும் சஃப்கோ சுரங்கம். 2017-இல் நடந்த ஏலத்தில் 2 கோடி டாலருக்கும் மேல் கேள்வி வந்தது. இது ஒருமுறை ஏலத்தொகை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 டாலர் என்று வைத்தால் 18,525 டாலர். இது நம் பொருளில் குத்தகைப் பணம். வெட்டிய கரியின் மதிப்பில் அரசுக்குப் போகும் பங்குதான் 'ராயல்டி'. நிலத்தடிச் சுரங்கத்துக்கு அது நீண்ட காலம் 8 விழுக்காடாக இருந்தது. 2025-ஆம் ஆண்டுச் சட்டம், 2034 செப்டம்பர் வரை 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. இதற்கு 'உரிமைத்தொகை' என்ற சொல் வழக்கில் உண்டு. ஆனால் 'மேல்வாரம்' இதைவிடப் பொருத்தம் என்பேன். விளைச்சலில் நிலத்துக்கு உடையவரின் பங்கு என்பதுதானே அதன் பொருள்?

வாரம் எவ்வளவு தேறும் என்று சொல்ல, அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். மதிப்பீடு தொடங்குவது துளையில். பொறி மேலே கொண்டுவரும் பாறை உருளைகளை நீளப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஆழத்தைக் குறித்துவைப்பார்கள். சாம்பல் நிற மணற்கல், களிக்கல், மறுபடி மணற்கல், திடீரென்று கறுப்பு. அந்தக் கறுப்பின் தடிப்பை அளப்பார்கள். சாம்பல், கந்தகம், எரிவெப்பம் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் இருப்பது கணிப்புதான். 'இருக்கும் கரி' ஒரு கணக்கு, 'எடுக்கத்தக்க கரி' வேறு கணக்கு. தமிழில் இவ்விரண்டையும் கலந்துவிடக் கூடாது. கூரையைத் தாங்கத் தூண்களாக விட்டுவைப்பது, எட்டாத ஆழம், மெலிந்த அடுக்கு எல்லாம் போக மிஞ்சுவதே இரண்டாவது. கிரீன்ஸ் ஹாலோவில் அது சுமார் 5.5 கோடி டன் என்று கணக்கிட்டார்கள். நியாயமான சந்தை மதிப்பைப் பணியகம் ஏலத்துக்கு முன்பே கணித்து, வெளியிடாமல் வைத்துக்கொள்ளும். ஏக்கருக்கு 100 டாலர் என்பது விதிமுறை வைத்த அடிமட்டம் மட்டுமே. உயர்ந்த கேள்வியும் அந்த மதிப்பை எட்டாவிட்டால் குத்தகை கிடையாது. பல ஏலங்களில் பக்கத்துச் சுரங்கக்காரர் ஒருவரே கேட்பதால், இந்த மறைவுக் கணக்குதான் பொதுச்சொத்துக்குக் காவல்.

'சுரங்க'த்தின் கதையும் நீளமானது. சிலப்பதிகாரத்தில் 'சுருங்கை வீதி' வருகிறது, யானைகள் செல்லும் மறைவழியாக. வடமொழியில் 'சுருங்கா'. கிரேக்கத்தில் குழலைக் குறிக்கும் 'சிரிங்ஸ்' இதன் மூலம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். திறந்தவெளியில் தோண்டுவதையும் நாம் சுரங்கம் என்றே சொல்வதால், இங்கே 'நிலத்தடிச் சுரங்கம்' என்று விரித்து எழுதுவது நல்லது. அந்த ஒரு அடைமொழி இல்லாவிட்டால், காடு மேலே நிற்க அடியில் வெட்டுகிறார்கள் என்பது வாசகருக்குத் தெரியாமல் போகும்.

மேலே நிற்கிறது என்றாலும் அசையாமல் நிற்பதில்லை. நீள்சுவர் முறையில் கரியைச் சீவிக்கொண்டு பொறி முன்னேற, பின்னால் கூரை இடிந்து விழும்; மேல்மண் இறங்கும், ஊற்றின் போக்கும் மாறலாம். இப்படி நிலம் இறங்குவதற்கு 'நிலத்தாழ்வு' என்று நூல்களில் எழுதுகிறார்கள். தாழ்வான நிலம் என்றும் அதைப் படிக்கலாம். 'சாலை உள்வாங்கியது' என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அந்த 'நிலம் உள்வாங்கல்' போதும்.

கடைசியாக, குத்தகைக்கு வரும் நிலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'டிராக்ட்'. இழுத்து நீட்டிய பரப்பு என்பது லத்தீன் பொருள். 'நிலப்பகுதி' என்றால் எல்லை தெளியவில்லை. வருவாய்த் துறையின் 'புல எண்', 'புலப்படம்' இரண்டிலும் உள்ள 'புலம்' அளந்து எல்லையிட்ட நிலம். ஆகவே 'குத்தகைப் புலம்' என்று எழுதலாம்.