கத்தினால் புரிந்துவிடுமா?

பின்வரிசையிலிருந்து "கேட்கலை" என்று யாராவது சொன்னால், மேடையில் இருப்பவர் உடனே குரலை உயர்த்துவார். பெரும்பாலும் அதனால் பலன் இருக்காது. பின்வரிசைக்குச் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது, சொல்தான் பிடிபடவில்லை.

பேச்சொலியின் ஆற்றலில் பெரும்பங்கு உயிரொலிகளில் இருக்கிறது, அதுவும் விநாடிக்கு 1000 அதிர்வு, அதாவது 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ஆனால் பாடம், பாதம், பாகம் ஆகிய மூன்றையும் பிரித்துக்காட்டுவது நடுவில் கணநேரம் வந்துபோகும் மெய்யொலி. 'ஸ' போன்ற ஒலியின் ஆற்றலோ 4000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அதிகம். கத்தும்போது உயிரொலிகள் பெருகுகின்றன. மெய்யொலிகள் அந்த அளவுக்கு வளர்வதில்லை. கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதே இல்லை, ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சு புரிந்துவிடுகிறது.

அரங்கமும் தன் பங்குக்குக் கெடுக்கும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிய விரிவுரை அரங்கம் திறந்தபோது, பேசுவது எதுவும் புரியவில்லை. சிக்கலை ஆராயும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவியின் குழாய் ஒன்றை ஒலித்து நிறுத்திப் பார்த்தார்: ஓசை காதுக்கு மறைய சுமார் 5.5 விநாடி பிடித்தது. அதற்குள் பேச்சாளர் இருபது அசைகளாவது உச்சரித்துவிடுவார். முந்தைய உயிரொலியின் முழக்கம் அடுத்து வரும் மெய்யொலியை மூடிவிடும். சபைன் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஊர் அடங்கிய இரவுகளில் திரும்பத் திரும்ப அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் சீக்கிரம் அடங்கியது. கட்டட ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் கிளைத்தது.

நமக்கு மெத்தை தூக்கிப்போகும் வசதி இல்லை. நிறுத்திப் பேசலாம், அந்த இடைவெளியில் முழக்கம் வடிந்துவிடும். மைக்கை வாயருகே வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்: அரங்கின் எதிரொலியைவிட நம் குரல் அதில் மிகுந்து விழும்.

தமிழில் பேசுபவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. வாக்கியம் முடியும்போது மூச்சின் அழுத்தம் குறைந்து குரல் தணியும்; நம் வினைச்சொல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. "இந்த ஆண்டே இதைச் செய்ய..." வரை கணீரென்று வரும். 'முடியும்', 'முடியாது' இரண்டில் எது என்பது தாடைக்குள்ளேயே போய்விடும். ஒத்திகையைப் பதிவு செய்து, வாக்கியங்களின் கடைசிச் சொல்லை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அது தேய்ந்தால், அதற்கு முன்பே ஒரு மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.