ஹெக்ஸ் எழுத்துப் பிழையைக் கம்பைலரிலேயே பிடியுங்கள்

டெல்டாவில் போர் மோட்டாரைக் கைபேசியிலிருந்து போட்டு நிறுத்தும் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். பழுதென்று வரும் வேறு பெட்டிகளையும் திறந்து பார்ப்பதுண்டு. குறுவை நாற்றங்கால் நேரத்தில் மன்னார்குடிப் பக்கம் ஒரு பெட்டி மோட்டாரை எடுக்கவே இல்லை. மூன்று பேஸும் வந்தது, மோட்டாரும் நன்றாக இருந்தது. வோல்டேஜ் மீட்டர் மட்டும் பெட்டிக்குப் பதில் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் இரண்டையும் இணைக்கும் ஆர்எஸ்-485 ஒயரை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார்.

குறை ஒயரில் இல்லை. மீட்டரோடு பேசும் முறையான மோட்பஸில், ஹெக்ஸில் (0-9, A-F கொண்டு எழுதும் எண்முறை) எழுதினால் கட்டளை ‘01 03 00 00 00 02’, பின்னால் இரண்டு பைட் சிஆர்சி (கட்டளை பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்). இதை எழுத்துச் சரமாக வைத்து, பெட்டி ஓடும்போது பைட்டாக மாற்றியிருந்தார்கள். அதில் 03-இன் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ விழுந்துவிட்டது. எழுத்தை எண்ணாக்கும் சி மொழியின் ஸ்ட்ர்டோல் ஃபங்ஷன் இதைப் பார்த்துக் கத்தாது. எண்ணே கிடைக்காவிட்டால் 0 என்று கொடுத்துவிடும். 03 போய் 00 ஆனது. சிஆர்சி பொருந்தாத கட்டளைக்கு மீட்டர் பதிலே தராது. அத்தனை அலைச்சலும் இந்த ஓர் எழுத்தால்.

இந்த மாற்றத்தைக் கம்பைல் நேரத்திலேயே, அதாவது கோடைச் சிப்புக்கான மொழிக்கு மாற்றும்போதே, முடித்துவிடுங்கள். சி++20-இல் ‘கான்ஸ்ட்ஈவால்’ ஃபங்ஷன் (கம்பைல் நேரத்தில் மட்டுமே ஓடுவது) ஒன்று போதும். எழுத்துகள் ஒற்றைப்படையில் இருந்தாலோ, ஹெக்ஸ் அல்லாத எழுத்து வந்தாலோ அதற்குள் ‘த்ரோ’ போடுங்கள். பில்ட் அங்கேயே நின்றுவிடும். சரத்தின் கடைசியில் முடிவைக் காட்டும் ‘நல்’ எழுத்து (null) ஒன்று ஒட்டியிருக்கும், நீளத்தில் ஒன்றைக் கழிக்க மறக்க வேண்டாம். பழைய கம்பைலரில் ‘கான்ஸ்ட்எக்ஸ்பிர்’ (இரண்டு நேரத்திலும் ஓடக்கூடியது) என்றால், விடையை வாங்கும் மாறியையும் அப்படியே அறிவியுங்கள். இல்லாவிட்டால் வேலை சத்தமில்லாமல் ஓடும் நேரத்துக்குப் போய்விடலாம். ரஸ்ட் மொழியில் இதற்கே ஹெக்ஸ்-லிட்டரல் என்ற கிரேட் (நூலகம்) இருக்கிறது. வெறும் சி என்றால் பைட்டுகளை அரே-யாக ஒவ்வொன்றாக எழுதுவதே நல்லது.

இடமும் மிச்சம்: ஹெக்ஸில் எழுதிய 32 எழுத்து ரகசியச் சாவி, ‘நல்’ எழுத்தோடு சேர்த்து 33 பைட், மாற்றினால் 16. மொத்தமே 2 கேபி ரேம் உள்ள சிப்பில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் 02-க்குப் பதில் 03 என்று தட்டிவிட்டால்? அதுவும் சரியான ஹெக்ஸ்தான், மாற்றும் ஃபங்ஷன் விட்டுவிடும். அதனால் சிஆர்சியையும் கம்பைல் நேரத்திலேயே கணக்கிட்டு, ‘ஸ்டேட்டிக் அசர்ட்’ (பொருந்தாவிட்டால் பில்டை நிறுத்தும் சோதனை) வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம், பைட்டாக மாறியதால் சாவி மறைந்துவிடவில்லை. சிப்பின் ஃப்ளாஷ் நினைவகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது கிடைக்கும். அதைக் கோடில் வைக்காமல், பெட்டிக்குப் பெட்டி வேறாக, தயாரிக்கும்போதே ஏற்றிவிடுங்கள்.