பதினாறு கொட்டைகள், 256 குறிகள்: இஃபா பலகை வேலை செய்யும் விதம்

நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனின் நாட்டிலும் வாழும் யோருபா மக்களின் மரவேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஓபோன் இஃபா, அதாவது இஃபா என்ற குறிசொல்லும் முறையில் பயன்படும் மரப்பலகை. ஜெர்மனியின் உல்ம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் பலகை 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் அலங்காரப் பொருளாகத்தான் தோன்றும். ஆனால் இது தரையில் வைத்துக் கணக்குப் போடும் கருவி.

மேடான விளிம்பு முழுக்க மனிதர், பறவை, விலங்கு என உருவங்கள் செதுக்கியிருக்கும். நடுவில் வழவழப்பான வெறும் மரம். அதில்தான் இயேரோசுன் என்ற மரப்பொடியைப் பரப்புவார்கள். விளிம்பு அதைச் சிந்தவிடாது. மேல் விளிம்பில் இருக்கும் முகம் எஷு, மனிதருக்கும் தெய்வங்களுக்கும் இடையே செய்தி கொண்டுபோகிறவர். குறி பார்க்கும் பாபலாவோ அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, இரோகே என்ற செதுக்கிய கோலால் பலகையைத் தட்டி, ஞான தெய்வமான ஒருன்மிலாவை அழைப்பார். சில பலகைகளின் அடிப்பக்கம் குடைந்திருக்கும். தட்டும் ஓசை எடுப்பாகக் கேட்பதற்காக.

அப்புறம் கணக்கு. 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை இடக்கையில் வைத்து, வலக்கையால் ஒரே பிடியாக அள்ளுவார். பதினாறும் ஒரு பிடிக்குள் எளிதில் அடங்காது. அந்த எண்ணிக்கையில்தான் நுட்பம் இருக்கிறது. இடக்கையில் ஒன்று மிஞ்சினால் பொடியில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. எதுவும் மிஞ்சாவிட்டாலும், மூன்றோ அதற்கு மேலோ மிஞ்சினாலும் அந்தப் பிடி செல்லாது. மறுபடி அள்ள வேண்டும். இப்படி எட்டுக் குறிகள், வலமும் இடமுமாக நான்கு நான்கு.

நான்கு குறிகளில் 16 வடிவங்கள் வரும். வலப்பக்கத்து 16இல் எதுவும் இடப்பக்கத்து 16இல் எதனோடும் சேரலாம் என்பதால் மொத்தம் 16 × 16 = 256. கணினியின் ஒரு பைட்டிலும் இதே எட்டு இடம், இதே 256 நிலைகள்தான். ஒவ்வொரு வடிவமும் ஓர் ஒடு. எல்லாம் ஒற்றைக் கோடாக வந்தால் எஜி ஓக்பே, எல்லாம் இரட்டையாக வந்தால் ஓயேகு மேஜி. அவசரத்துக்கு ஓபேலே என்ற சங்கிலி உண்டு. அதில் எட்டு அரைவிதை ஓடுகள் கோத்திருக்கும். ஒரே வீச்சில் எட்டுக் குறியும் கிடைத்துவிடும்.

ஒவ்வோர் ஒடுவுக்கும் ஏராளமான செய்யுள்கள் உண்டு. பாபலாவோ அவற்றைப் பல ஆண்டுகள் மனப்பாடம் செய்தவர். குறி கேட்க வந்தவர் தன் கேள்வியை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாணயத்திடம் முணுமுணுத்தாலும் போதும். கொட்டைகள் எந்த ஒடு என்பதை மட்டுமே காட்டும். சொல்லப்படும் செய்யுள்களில் தன் நிலைமைக்குப் பொருந்துவது எது என்று கண்டுகொள்பவர் கேட்க வந்தவரே. என்ன காணிக்கை செலுத்த வேண்டும் என்பதும் அந்தச் செய்யுளிலேயே இருக்கும்.