எடிட் செய்த படம் என்று தெரிந்தும் ஏன் உறுத்துகிறது?

விளம்பரப் பெண்ணின் இடுப்பைக் கம்ப்யூட்டரில் ஒடுக்கியிருக்கிறார்கள், முகத்து மருவையெல்லாம் அழித்திருக்கிறார்கள் என்பது இன்று யாருக்கும் புதுச் செய்தி இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றால் மனசு சுருங்குகிறது. 'எல்லாம் எடிட்டிங்தானே, இதுக்கெல்லாமா கவலை?' என்று பெண்களுக்குச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தப் பாதிப்பின் பெரும்பகுதி நம் அறிவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

கண்ணிலேயே தொடங்குகிறது விஷயம். வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தால் வெளிச்சமான அறையும் இருட்டாகத் தெரியுமே, உடல்களைப் பார்க்கும்போதும் மூளை அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆய்வகத்தில் மெலிந்த உடல்களின் படங்களைச் சில நிமிடங்கள் காட்டினாலே போதும், 'சாதாரண உடல்' என்று நாம் எண்ணும் அளவு மெலிவின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. தினமும் மணிக்கணக்கில் திரையைப் பார்க்கும் கண்ணுக்கு என்ன ஆகும்?

அடுத்தது ஒப்பீடு. தன்னை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர் பிறரோடு, அதிலும் தன்னைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறார் என்று 1954இல் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். எட்டாத உயரத்திலிருக்கும் நடிகையின் படத்தைப் போலவே ஃபில்டர் போட்ட தோழியின் செல்ஃபியும் சுடுவது இதனால்தான்.

என்னை அதிகம் உலுக்குவது மூன்றாவது. தன் உடலை வெளியிலிருந்து பார்க்கும் பார்வையாளராகப் பெண் மெல்ல மெல்லப் பழக்கப்படுகிறாள் என்றார்கள் உளவியலாளர்களான பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்ஸும். 1998இல் வெளிவந்த ஆய்வில் மாணவ மாணவியரைத் தனித்தனியே உடைமாற்றும் அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே ஆளுயரக் கண்ணாடி. சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். அதை அணிந்தபடியே கணக்குகள் போட வேண்டும். நீச்சலுடை அணிந்த பெண்கள் ஸ்வெட்டர் அணிந்தவர்களைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அறையில் வேறு யாருமே இல்லை. தன்னைத் தானே கண்காணிப்பதில் கவனத்தின் ஒரு பங்கு போய்விட்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆய்வகத்துக்கு வெளியே ஓர் உதாரணம். பசிபிக் தீவுநாடான ஃபிஜியில் வாட்டசாட்டமான உடலே நல்ல உடல் என்று கருதப்பட்டுவந்தது. அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. அது வந்த புதிதிலும் 1998இலும் பள்ளி மாணவிகளை மானுடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கரின் குழுவினர் ஆராய்ந்தார்கள். உணவுக்கோளாறுக்கான (எடை கூடிவிடுமோ என்று பட்டினி கிடப்பது, உண்டதை வாந்தியெடுப்பது போன்ற மனநலச் சிக்கல்) அறிகுறிகள் கவலைப்படும் அளவில் இருந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடையைக் குறைக்க வாந்தியெடுப்பவர் முதலில் ஒருவர்கூட இல்லை, பிறகு 11.3 சதவீதம். இரண்டு முறையும் வெவ்வேறு மாணவிகள், வாழ்க்கைமுறையும் மாறிக்கொண்டிருந்த காலம். அதனால் முழுப்பழியையும் டிவி மேல் போட முடியாது. ஆனால் அந்த மாணவிகளே திரையில் கண்டவர்களைப் போல ஆக ஆசைப்பட்டதாகச் சொன்னார்கள்.

'இது திருத்தப்பட்ட படம்' என்று விளம்பரத்தில் குறிப்பிட வேண்டும் என இஸ்ரேலும் பிரான்ஸும் சட்டம் போட்டன. எண்ணம் நல்லதுதான். ஆனால் பெரும்பாலான சோதனைகளில் அந்த எச்சரிக்கையால் தன் உடல் குறித்த மனக்குறை குறையவில்லை. எந்தப் பகுதி திருத்தப்பட்டது என்று எழுதினால் கண் அங்கேயே போய் நிற்பதும் தெரியவந்தது.

இதைவிட நம்பிக்கை தருவது அமெரிக்க உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் உருவாக்கிய பயிற்சி. அதில் இளம்பெண்களுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. மெலிந்த உடலே அழகு என்ற எண்ணத்துக்கு எதிராக அவர்களே குழுவாக உட்கார்ந்து பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், நடித்துக்காட்டுகிறார்கள். 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், பயிற்சி பெறாதவர்களைவிட அவர்களில் குறைவானவர்களுக்கே உணவுக்கோளாறு வந்திருந்தது.