வெஸ்ட்ரி: அறையா, மன்றமா?

நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் வெஸ்ட்ரி என்றால் ஐயர், அதாவது குருவானவர், அங்கி மாட்டும் சின்ன அறை. இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையில் அந்த அறைக்குப் பெரும்பாலும் சாக்ரிஸ்டி என்று பெயர். அங்கே வெஸ்ட்ரி என்பது சபையார் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. இது தெரியாமல் மொழிபெயர்த்தால் ‘அங்கியறை பட்ஜெட்டை ஏற்றது’ என்று வந்து நிற்கும்.

லத்தீனில் ‘வெஸ்டிஸ்’ என்றால் உடை. இங்கிலாந்தில் ஊர்ச்சபையார் உடையறையில் கூடிப் பேசியதால் அறையின் பெயர் கூடியவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. ஏழைகளுக்கு உதவுவது, சாலை போடுவது எல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் பொறுப்பு. 1894-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஊர் வேலைகளை அவர்களிடமிருந்து பிரித்தெடுத்தது. அதற்கு முன்பே அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போன வெஸ்ட்ரி, 12 பேர் கொண்ட குழுவாக அங்கே வேரூன்றிவிட்டது.

இன்றைய எப்பிஸ்கோப்பல் சபைகளில் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடத்திக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் பொதுவாக 3 ஆண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் மாறுவார்கள். தலைமை ரெக்டருக்கு, அதாவது சபைகுருவுக்கு. சொத்து, வரவு செலவு, ரெக்டர் இடம் காலியானால் புதியவரை அழைப்பது ஆகியவை குழுவின் வேலை. மார்ச் 1-க்குள் ஆண்டறிக்கையும் போகவேண்டும். வழிபாட்டு முறையும் பாட்டும் ரெக்டரின் அதிகாரம். இந்த எல்லையை மறக்கும் இடத்தில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன.

ஞாயிறுக்கு 40 பேர் வரும் சபையில் 12 இடம் வைத்தால் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேராது. விதியைத் திருத்தி 6 ஆக்குவது நல்லது. ஆங்கிலம், ஸ்பானிஷ் என இரு ஆராதனை நடக்கும் சபையில் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கில ஆராதனை முடிந்த கையோடு ஆண்டுக் கூட்டத்தை நடத்தினால் ஸ்பானிஷ் பேசுவோர் வாக்களிக்க முடியாமல் போகும், குழு ஒருதலையாகிவிடும். அந்த ஞாயிறு மட்டும் எல்லாருக்கும் ஒரே ஆராதனை வைத்து, வாக்குச்சீட்டை இரு மொழியிலும் அச்சிட்டு, மொழிபெயர்ப்பாளரையும் உட்காரவைக்க வேண்டும். சபையில் பாதிப் பேருக்குக் குரல் இல்லாத குழுவை அந்தச் சபையின் குழு என்று சொல்லவே முடியாது.

தமிழில் என்ன சொல்வது? அறைக்கு அங்கியறை போதும். குழுவுக்குச் ‘சேகர கமிட்டி’ பொருந்தாது: நம் சேகரத்தில் பல சபைகள் அடங்கும், அங்கே பெரும்பாலும் ஒரே கோயில்தான். சபை மன்றம் என்பதே சரி. மன்றம் என்ற சொல்லும் முதலில் ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்து, பிறகு அங்கே கூடுவோரைக் குறித்தது. வெஸ்ட்ரி நடந்த அதே வழி.

குழுவில் இரண்டு வார்டன்கள் உண்டு. வழக்கமாக சீனியர் வார்டன் ரெக்டருக்குத் துணை, ஜூனியர் வார்டன் கட்டடத்துக்குப் பொறுப்பு. ‘மூத்த’, ‘இளைய’ என்றால் வயதைச் சொல்வதுபோல் ஆகும். முதல் வார்டன், இரண்டாம் வார்டன் எனலாம். கண்காணிப்பாளர் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். எப்பிஸ்கோப்பல் என்ற பெயருக்கு மூலமான ‘எப்பிஸ்கொப்பொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைத்தான் தமிழ் வேதாகமம் கண்காணி என்கிறது. அது பேராயருக்கு உரிய சொல்.