கூத்துக் கலைஞரின் சிவப்பு ஏன் பழுப்பானது? கையடக்க எல்இடி விளக்கு வாங்கும் முன்

திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த பாரதக் கூத்தை விடிய விடியப் பதிவு செய்து திரும்பிய பிறகுதான், படத்தொகுப்பின்போது அந்தக் குறை என் கண்ணில் பட்டது. மூத்த கலைஞர் ஒருவர் கண்ணாடி முன் நெடுநேரம் அமர்ந்து தம் முகத்தில் பூசிக்கொண்ட அடர்சிவப்பு, என் காட்சிகளில் செங்கல் பொடியைப் போல வெளிறிய பழுப்பாக இருந்தது. கேமராவில் பிழை இல்லை. பொழுது புலர்ந்த பின், அவர் வேடம் கலைக்கும் முன்பு, அதே கேமராவால் எடுத்த காட்சிகளில் அந்தச் சிவப்பு பூசியபடியே இருந்தது. பிழை நான் கொண்டுபோன இரண்டு எல்இடி பேனல்களில் இருந்தது. நிறங்களை ஒரு விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. என்ற எண், அவற்றின் பெட்டியில் 95 என்று அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கியிருந்தேன். ஒரு கலைஞரின் ஓர் இரவு உழைப்பை நிறம் மாற்றிப் பதிவு செய்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. திருமண வீடுகளுக்கும் ஆவணப்படங்களுக்கும் இத்தகைய விளக்குகளைச் சுமந்து செல்லும் இளைய ஒளிப்பதிவாளர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய மஞ்சள் நிறப் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான விளக்குகளில் இந்தக் கலவையில் அடர்சிவப்பு மிகக் குறைவு. சி.ஆர்.ஐ. எண்ணோ எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி. அடர்சிவப்பைக் குறிக்கும் ஆர்-9 என்ற மாதிரி அந்தச் சராசரியில் சேராது. ஆகவே பொதுவான சி.ஆர்.ஐ. 80-ஐத் தொட்ட விளக்கு ஒன்றில் ஆர்-9 பூச்சியத்தை ஒட்டியிருப்பது அரிதன்று. அதைவிட, கேமரா எப்படிப் பார்க்கும் என்பதைக் கணக்கிட ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2012-இல் பரிந்துரைத்த டி.எல்.சி.ஐ. என்ற அளவு நமக்கு அதிகம் பயன்படும். பெட்டியில் ஆர்-9, டி.எல்.சி.ஐ. ஆகிய இரண்டும் தனித்தனியே குறிப்பிடப்படாத விளக்கை நான் இப்போது வாங்குவதில்லை.

எண்களையும் முழுமையாக நம்ப வேண்டாம். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை ஒன்றையும் குங்குமம் இட்ட ஒரு நெற்றியையும் முதலில் நிழலான பகல் வெளிச்சத்திலும், பிறகு அந்த விளக்கின் ஒளியிலும், கேமராவின் வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பை) ஒவ்வொரு முறையும் சரிசெய்துகொண்டு படமெடுத்து ஒப்பிட்டால், கடைக்காரர் சொல்லாதது தெரிந்துவிடும். நம் மாநிற முகங்களுக்கு இது இன்னும் முக்கியமானது. தோலுக்கு உயிர்ப்பைத் தருவது அடியில் ஓடும் குருதியின் செம்மை, அந்தச் செம்மையைக் காட்டும் ஒளி விளக்கிலேயே இல்லையென்றால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். விளக்கில் இல்லாத ஒளியைப் படத்தொகுப்பில் கொண்டுவர முடியாது. முன்பு திருமண மண்டபங்களில் நாம் தூக்கிப் பிடித்த ஆயிரம் வாட் சன்-கன் என்ற ஹாலஜன் கைவிளக்கு மணமக்களை வியர்க்க வைத்தது உண்மைதான். ஆனால் அந்த ஹாலஜன் ஒளியில் சிவப்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

நிறம் கெட்டால் படம் கெடும். பாட்டரி கெட்டால் ஆளுக்கே ஆபத்து. கையடக்க விளக்குகளில் நாம் மிகுதியும் பயன்படுத்தும் பெரிய என்.பி.-எஃப். வகைப் பாட்டரிக்குள் ஆறு லித்தியம்-அயன் செல்கள், இரண்டு இரண்டாகத் தொடரில் இணைந்து, மூன்று இணைகளாக இருக்கின்றன. நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 3500 மில்லி ஆம்பியர் மணி என்பதாலும், தொடரில் இணைந்த செல்கள் மின்னழுத்தத்தைத்தான் கூட்டும் என்பதாலும், மூன்று இணைகளுக்கும் சேர்த்து மொத்தம் 10,500-ஐ ஒட்டியே நின்றுவிடும். அதே அளவுள்ள பாட்டரியின் மேல் பதினைந்தாயிரம் என்று ஒட்டியிருந்தால், அந்த எண்ணைப் பொய்யாகப் போட்டவர் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றிலும் சிக்கனம் பிடித்திருப்பார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படி மலிவாக வாங்கிய ஒன்று, சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு பிற்பகல் முழுவதும் கிடந்த பிறகு, பலகாரம்போல உப்பிப்போய் விளக்கிலிருந்து கழற்றவே முடியாமல் இறுகிக்கொண்டது. அதைச் சார்ஜரில் மாட்டாமல் விட்டது எங்கள் நல்ல காலம். வெயிலில் சூடான பாட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜ் செய்ய வேண்டும். உப்பியதைக் குத்தவோ அழுத்தவோ மீண்டும் பயன்படுத்தவோ கூடாது. இரவில் எல்லோரும் உறங்கும் மண்டப அறையில், மெத்தை மேல் சார்ஜரை வைத்துவிட்டுப் படுக்கும் பழக்கத்தை இன்றே கைவிட வேண்டும். கெட்டுப்போன பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடுவது, குப்பை வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பானது. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது சுமத்தும் விதிகள் 2022-இலேயே நம் நாட்டில் வந்துவிட்டன, ஆகவே விற்பனையாளரிடமோ மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்கலாம்.

விளக்குகளிலும் கேமராக்களிலும் மாட்டும் வி-மவுண்ட் என்ற பெரிய பாட்டரிகளில் 98 வாட் மணி என்ற அளவு இவ்வளவு பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 100 வாட் மணி வரையுள்ள உதிரி பாட்டரிகளை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமில்லை. உதிரி பாட்டரி எதுவும் சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகக் கூடாது, அதன் முனைகளை ஒட்டுநாடாவால் மூடியிருக்க வேண்டும். அந்த 98 வாட் மணி, 60 வாட் விளக்கை முழு வெளிச்சத்தில் கணக்குப்படி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் எரிக்கும், களத்தில் அதற்கும் குறைவு. விளக்கின் தூரத்தை இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகக் குறைத்தால் நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும் என்பதால், இன்னொரு பாட்டரி வாங்குவதைவிட விளக்கை நெருக்கி வைப்பதே பல நேரங்களில் சிறந்தது.

படத்தில் விளக்கொளி துடிப்பதாகத் தெரியும் சிமிட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபக் குழல்விளக்குகளின் கீழ் நொடிக்கு 25 சட்டகமும் ஐம்பதில் ஒரு பங்கு நொடி ஷட்டர் வேகமும் பாதுகாப்பானவை. பாட்டரி விளக்குக்கு அந்தத் தொல்லை இல்லையென்றாலும், வெளிச்சத்தைக் குறைக்கும்போது எல்இடியை வேகமாக அணைத்து ஏற்றும் மலிவான சுற்று படத்தில் கறுப்புப் பட்டைகளைக் கொண்டுவரும். பத்து சதவீத வெளிச்சத்தில் வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஷட்டரில் ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கூத்துக் களத்தில் முன்வரிசை என்பது தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் குழந்தைகள். எல்இடி சில்லுகளை ஒரே இடத்தில் நெருக்கிப் பதித்த சி.ஓ.பி. விளக்கை மூடியில்லாமல் இடுப்பு உயரத்தில் வைத்தால், அதன் கூசும் ஒளி நேராக அவர்களின் கண்ணில் விழும். எனவே ஸ்டாண்டைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஒரு காலில் மணல் மூட்டை கட்டி, விளக்கிலிருந்து ஓரடி தள்ளி வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாக விரித்து ஒளியை மென்மையாக்குகிறேன். வேட்டியை விளக்கின் முகத்தில் ஒட்டிக் கட்டக் கூடாது, சி.ஓ.பி.யின் சூடு துணியைக் கருக்கிவிடும். மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் ஈசல் மொய்க்கும்போது ஒளியின் நிறத்தைப் பகல் வெண்மையான 5600 கெல்வினிலிருந்து மஞ்சள் சாயலுள்ள 3200-க்கு இறக்கினால் கூட்டம் ஓரளவு குறையும், கலைஞர்கள் வாய் திறந்து பாடவும் முடியும். இப்போதெல்லாம் முதல் விருத்தம் தொடங்கும் முன், வேடம் கட்டி முடித்த கலைஞரை அந்த ஒளியில் நிற்க வைத்துப் படமெடுத்து, திரையை அவரிடமே நீட்டி, "ஐயா, நீங்க பூசின செவப்பு இதுதானா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே பதிவைத் தொடங்குகிறேன்.